பாவு காட்டிய கோணல்

அறுபத்தெட்டாம் வருஷம், புரட்டாசி மாதம். காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவுத் தெருவின் முனையில் ஒரு பழைய ஜெபக்கூடம் உண்டு. வேல்ஸ் தேசத்துப் பாதிரி ஒருவர் தம் ஊரில் இருப்பதைப் போலவே கட்டியது என்பார்கள். அதன் பின்பக்கக் கூரையில் இரண்டு உத்தரங்கள் செல்லரித்துவிட்டன. மழைக்கு முன் மாற்ற வேண்டும், அளந்து வரைபடம் போட்டுக் கொடு என்று சபைச் செயலாளர் என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கட்டடப் படிப்பில் கடைசி வருஷம். எனக்குத் தலைகால் புரியவில்லை!

உள்ளே சிலை இல்லை, படம் இல்லை. நடுநாயகமாக உயரமான பிரசங்க மேடை. மூன்று பக்கமும் மரத்தாலான மாடி. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பேசுகிறவர் முகம் தெரியும், குரல் கேட்கும். இந்தப் பக்கம் நான்கு நெடிய ஜன்னல்கள் என்றால் அந்தப் பக்கமும் நான்கு. புடவைக்கு ஜோடி மயில் வரைகிறபோது ஒன்றை வரைந்து, மற்றதைத் திருப்பிப் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அதே கைப்பழக்கத்தில் வாசலருகே பாதி அகலம் அளந்தேன், இரட்டித்தேன், இரண்டு உத்தரத்துக்கும் அதே நீளத்தை எழுதி ஆசாரியிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை தெருவில் பாவு, தறியில் ஏற்றப்போகும் நீளவாட்டு நூல், விரித்துக் கட்டியிருந்தார்கள். சித்தி பிடித்திருந்த முனையில் நின்று பார்த்தேன். பட்டு நூல்கள் துளி வளைவில்லாமல் ஓடின. பக்கத்தில் ஜெபக்கூடத்துச் சுவர், முனைக்கு முனை பாவிலிருந்து ஒரே அளவாக ஒரு முழம் தள்ளி. திக்கென்றது. ஜெபக்கூடத்து வாசல் பெரிய ரோட்டைப் பார்த்தது, அதன் மறுபக்கச் சுவர் ரோட்டிலிருந்து நேராக உள்ளே போகிறது. எங்கள் தெருவோ ரோட்டிலிருந்து கோணலாகப் பிரிகிறது. பாவு தெருவோடு போகிறது, சுவர் பாவோடு போகிறது. அப்படியானால் சுவரும் கோணல்! பின்னால் போகப் போகக் கூடம் அகலம்!

ஓடினேன்.

"பாவுக்கடியில பூந்து ஓடாதேபா! அறுந்துதுன்னா உன் படிப்பா வந்து முடி போடும்?" என்று சித்தி கத்தினாள்.

புது உத்தரங்களுக்கான தேக்கு, இடித்த வீடு ஒன்றிலிருந்து சபையார் தேடிப் பிடித்தது. இரண்டே மரம், வேறு கிடைக்காது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆசாரியின் ரம்பம் முதல் மரத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது.

"நிறுத்துங்கண்ணே, அளவு தப்பு."

"யாரு அளந்தது?"

"நான்தான்."

அவர் ரம்பத்தை எடுத்தார். இருவரும் போய்ப் பின்பக்கம் அளந்தோம். ஒன்றரை அடி அதிகம்! ஆசாரி மேலே பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருந்தா, ரெண்டும் வெறகுதான்பா."

செயலாளர் வேலையைப் பிடுங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, பாவு ஓடுகிற வழியை மறிக்கக் கூடாது என்றுதான் அந்தப் பாதிரி சுவரைக் கோணலாகக் கட்டினாராம் என்றார். அப்புறம்தான் கவனித்தேன்: வலப்பக்கத்து பெஞ்சுகள் ஒவ்வொன்றும் முன்னதைவிட நான்கு விரல் நீளம்! அவற்றில் உட்கார்ந்துதான் படம் போட்டிருந்தேன். அன்று அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கூடம் முழுவதும் பித்துப் பிடித்தவன் போல் மறுபடி அளந்தேன்.

உத்தரங்கள் சரியாகப் பொருந்தின. மாடியில் நின்று பார்த்தால் ஒன்றில் இன்றும் ஒரு ரம்பக் கீறல் தெரியும். எந்தக் கட்டடத்திலும் ஒரு பக்கம் அளந்து நாடாவைச் சுருட்டப் போகும்போது, அந்தக் கீறல் என்னை எழுப்பி மறுபக்கம் அனுப்பிவிடுகிறது.