அருங்காட்சியகத்தில் நின்ற தாய்மாமன்

பிள்ளைகளா, உங்கள் தாய்மாமன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்தவர். ஒருவர் செட்டிகுளத்தில் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில், பழைய தாழிகளும் கல் ஆயுதங்களும் இருந்த அறைக்கு அடுத்த அறையில், பொம்மையாக ஏர் பிடித்தபடி நின்றார். பெரியவளே, இந்த இரண்டாவது ஆளால் உன் காதுகுத்தே நின்றுபோகப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்துக்காரர்கள் செட்டிகுளத்துக்கு வந்து, உழவர் வாழ்க்கையைக் காட்ட ஒரு பொம்மை செய்யப்போகிறோம் என்று சொல்லி, உங்கள் மாமாவைப் படம் பிடித்தார்கள். மாமா கல்யாண வேட்டியை எடுத்துக் கட்டி, மீசையை முறுக்கிவிட்டு நின்றார். அவர் காட்டில் ஏர் ஓட்டும்போதும் சில படம் எடுத்தார்கள். அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை.

மறு வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே சுற்றுலா போய்விட்டு வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "மாமா அங்க கோமணத்தோட நிக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டுதான் இறங்கினார்களாம்.

அதன்பிறகு மாமாவால் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை.

"என்னய்யா, டவுன்ல குளிருதா?"

"அவருக்கென்ன, துணி துவைக்கிற வேலை மிச்சம்."

உனக்குக் காது குத்த நாள் குறித்துவிட்டு அவரை அழைக்கப் போனேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் நம்மில் காது குத்துவது. அவர் வராவிட்டால் ஆசாரி வந்தும் பயனில்லை. மாமா கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"நான் வரல மாப்ள. ஊரே கோமணத்தோட பார்த்த ஆளு, சபையில எப்படி உட்காருறது? அந்தப் பொம்மைக்கு ஒரு வேட்டி கட்டச் சொல்லு, அடுத்த பஸ்ஸுல வரேன்."

"மடியில உட்காரப் போறது கைப்பிள்ள மச்சான். அதுக்கு என்ன தெரியும்?"

"பிள்ளைக்குத் தெரியாது. உன் பங்காளிங்களுக்குத் தெரியுமே."

அது உண்மை. மாமா என்ன உடுத்திக்கொண்டு வருவார் என்று பங்காளிகள் என்னிடம் முன்பே விசாரித்திருந்தார்கள்.

உங்கள் அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பொம்மை செய்தது நான் இல்லை; ஆனாலும் நிறுத்திவிட்டாள். வேறு வழியில்லாமல் புதிதாக ஒரு எட்டு முழ வேட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மாமாவையும் இழுத்துக்கொண்டு, பெரம்பலூரில் பஸ் ஏறினேன்.

அருங்காட்சியகத்தில் மாமாவுக்கு எதிரில் மாமா நின்றார். மீசை அச்சு அசல். மாமா பொம்மையைச் சுற்றிவந்தார். பின்பக்கம் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் பொறுப்பாளர் வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னோம்.

"உழும்போது கோவணம்தானே கட்டுறீங்க? உள்ளதைத்தானே செஞ்சிருக்கோம்."

"கட்டுவேன் சார், இல்லேங்கல. அது என் காடு. இங்க வூட்டுக்குள்ள, ஃபேனுக்கு அடியில, நாலு பொம்பளைங்க வந்து போற எடத்துல யாரு சார் கோமணத்தோட நிப்பா?"

சார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனாலும் வைத்த பொருளை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, மக்களுடைய வழக்கம் எதுவோ அதைத்தான் காட்ட வேண்டும் என்றார்.

வழக்கம் என்றதும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"சார், எங்கள்ல ஒரு வழக்கம் இருக்குங்க. காது குத்துறதுக்கு முன்னாடி தாய்மாமனுக்கு வேட்டி கட்டணும். அவரு உருவம் எத்தனை இருக்கோ அத்தனைக்கும் கட்டணும்."

சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். "அப்படியா? இது எவ்வளவு காலமா இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "இப்பதாங்க ஆரம்பிச்சிருக்கு."

காரியம் கெட்டது என்று நினைத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சரி, ஆரம்பிச்ச அன்னைக்கே பதிவு பண்ணது நாங்கதான்னு இருக்கட்டும். கட்டுங்க. கையை மட்டும் உடைச்சிடாதீங்க."

மாமாவே கட்டினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, யாரோ ஒருவருக்குக் கட்டுகிற மாதிரி கூச்சத்தோடு கட்டினார். "ஆளு கொஞ்சம் மெலிஞ்சிருக்கான் மாப்ள" என்றார்.

காதுகுத்தில் மாமா சம்மணம் போட்டு உன்னை மடியில் வைத்துக்கொண்டார். ஊசி பட்டதும் நீ அவர் வேட்டியை நனைத்துவிட்டாய்.

"இப்பக் கழட்டித்தான ஆகணும்" என்றார் ஒரு பங்காளி.

"கழட்டுறேன். எனக்கென்ன, டவுன்லயே ஒரு வேட்டி இருக்கு" என்றார் மாமா. சபையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

பிறகொரு முறை கண் டாக்டரைப் பார்க்க அந்த டவுனுக்குத் தனியாகப் போனேன். திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். அறையில் யாரும் இல்லை. வேட்டி கணுக்கால் வரை தொங்க, பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஏர் பிடித்துக்கொண்டிருந்தார் உங்கள் மாமா. அப்படி உழுதால் ரெண்டாவது உழவுச் சாலில் தடுக்கி விழவேண்டியதுதான். குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கி, மடித்துக் கட்டிவிட்டு வந்தேன்.