அணியப்படவில்லை

தோஹா தொழில்பேட்டையில் ஒரு துருக்கிக் கட்டடக் கம்பெனியின் ஆபீஸில் யோகநாதன் டைப்பிஸ்ட். சாவகச்சேரிக்காரன். எண்பத்தாறில் மேனேஜர் மஹ்மூது, தலைமை அலுவலகத்துக்குப் போகும் கடிதங்களைத் துருக்கி மொழியிலேயே அடிக்கச் சொன்னார். பொருள் தெரியாமல் அடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. கேட்டான். அவரும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

தமிழைப் போலவே வினை கடைசியில்தான் வந்தது. 'வெரில்மிஷ்திர்' என்றால் வழங்கப்பட்டது. அந்தச் சொல்லின் வயிற்றுக்குள் ஒரு 'மெ' புகுந்து 'வெரில்மெமிஷ்திர்' ஆனால் வழங்கப்படவில்லை. யார் வழங்கவில்லை என்பது எங்கும் இராது.

"ஆபீஸ் துருக்கியில் ஆள் வராது, யோகா. காரியம் மட்டும்தான் வரும்," என்றார் மஹ்மூது. யோகநாதன் ரசித்துச் சிரித்தான்.

அவனுடைய ரூமில் பக்கத்துக் கட்டில் கந்தையாவுடையது. ஊரில் தச்சுவேலை செய்தவர். மே மாதம் கம்பெனியின் சைட் ஒன்றில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. விபத்து அறிக்கை அடிப்பதற்கு யோகநாதனிடம் வந்தது. 'பாதுகாப்பு பெல்ட் அணியப்படவில்லை' என்றிருந்தது.

அந்த சைட்டில் பெல்ட்டே கிடையாது. யோகநாதன் 'வழங்கப்படவில்லை' என்று மாற்றி அடித்துக் கொண்டுபோய் வைத்தான்.

மஹ்மூது வாசித்தார். "இலக்கணம் சுத்தம்." பிறகு அந்தச் சொல்லைப் பேனாவால் வெட்டினார். "இது போனால் நாம் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். திரும்ப அடி."

"பெல்ட் கொடுக்கவில்லையே, சார்."

"அவர் போடவும் இல்லையே. அதுவும் உண்மைதானே?"

யோகநாதன் தன் டைப்ரைட்டருக்குத் திரும்பினான். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அம்மாவையும் தங்கையையும் கொழும்புக்கு எடுக்க இந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை. அடித்துக் கொடுத்தான்.

தலைமை அலுவலகத்தின் பதில் வந்தபோது அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனான்.

"வாசிச்சுச் சொல்லு தம்பி. நீதானே அவையின்ர பாஷை படிச்சனி."

"பெல்ட் அணியப்படாததால நட்டஈடு குடுக்கத் தேவையில்லையெண்டு முடிவெடுக்கப்பட்டிருக்காம் அண்ணை."

"ஆர் எடுத்த முடிவு?"

"பேர் இல்லை."

"பெல்ட் ஒருத்தருக்கும் தரேல்லையெண்டு ஒருத்தரும் எழுதேல்லையோ?"

யோகநாதன் தாளை மடித்தான். "இல்லை அண்ணை."

ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்ட கந்தையாவைச் சக்கர நாற்காலியில் வைத்து விமான நிலையத்தில் தள்ளிக்கொண்டு போனதும் யோகநாதன்தான். உள்ளே போகுமுன் அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கம்பெனியில எனக்கெண்டு நீ ஒருத்தன்தான் இருந்தாய்," என்றார். அவன் கையை இழுக்கவில்லை.

அடுத்த வாரம் மஹ்மூது கூப்பிட்டார். இனி விபத்து அறிக்கைகளை அவனே எழுதிவிடலாம், தான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

யோகநாதன் எழுதினான். திருத்தம் ஒன்றும் தேவைப்படவில்லை.