லோசா அளந்து வைத்த கிழங்கு

லோசா எனக்கு அடுத்த வீடு. அவளைப் பயந்தாங்கொள்ளி என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. புயலில் கூரைத் தகடு பறந்த அன்றுகூட, மூன்று பிள்ளைகளையும் ஒரே பாயில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயம் வந்தது ஒரு சிப்பித் துண்டால்தான்.

அவள் கணவன் ஃபெரெத்தி துறைமுகத்தில் படகுக்குக் கயிறு கட்டுகிறவன். ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்து பாயில் உட்கார்ந்தான். அவன் நடந்து வந்த தடம் முழுக்கச் சிவப்புப் பொட்டாக இருந்தது. லோசா அவன் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் விரல் நகம் நீளத்துக்குச் சிப்பி ஏறியிருந்தது.

"வலிக்கலையா உனக்கு?"

"எது?" என்று கேட்டான் அவன்.

அந்த ஒரு வார்த்தையில்தான் பயம் பிடித்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். அவளுடைய அண்ணன் சர்க்கரை நோயில் போனவன். அவனுக்கும் இப்படித்தான் கால் மரத்துப்போனது. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும். கடைசி வாரத்தில் விஷம் தலைக்கேறி, ஆள் அடையாளம் தெரியாமல் எதையோ பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தெலேசியா புண்ணைக் கழுவிக் கட்டினாள். ஃபெரெத்தியின் சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. ஏற்கெனவே அவன் சர்க்கரைக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை டாக்டர் இரண்டு மடங்காக்கினார். "அரிசி, நூடுல்ஸ், டின் கறி, கலர் எல்லாத்தையும் விடுங்க. நம்ம மண்ணுல விளையறதைச் சாப்பிடுங்க. ஒரு மாசத்துல கண்டிப்பா வந்து மறுபடி பாக்கணும்" என்றாள் நர்ஸ்.

லோசா அன்றைக்கே அரிசி மூட்டையையும் டின்களையும் பிஸ்கட் வாளியையும் நாத்தனார் மெரிபாவின் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். குடும்பத்துக்கு மலையடிவாரத்தில் நிலம் உண்டு. ஆனால் ஃபெரெத்தி துறைமுக வேலைக்குப் போனபின் அதில் காடுதான் வளர்ந்திருந்தது. அதனால் சனிக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் ஐந்து பேரும் சந்தைக்குக் கிளம்பினார்கள். பெரும்பாலும் நானும் கூடப் போவேன். நாலு பேர் இரண்டு பேர் இடத்தில் உட்காருவார்கள், கடைசிப் பிள்ளை என் மடியில். சேம்பு வகைத் தாலோ கிழங்கு, அதன் இளம் இலை, சீமைப்பலா, வாழைக்காய், பப்பாளி, துறையிலிருந்து மீன். ஒவ்வொரு கடையிலும் லோசா கேட்பாள், "இது எந்த ஊரு மண்ணு?"

கிழங்கு விற்கும் லெவி ஒரு நாள் சொன்னான், "மண்ணையும் தரட்டுமா அக்கா, கொழம்புல போட்டுக்குங்க."

பிள்ளைகள் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பெரியவள் பெனினா, பதினாலு வயது, நூடுல்ஸ் கேட்டு அழுதாள். மூன்றாம் வாரத்தில், தேங்காய்ப் பாலில் வெந்த இலைக்கு மூவரும் சண்டை போட்டார்கள். ஃபெரெத்திக்குப் புண் மூடியது. அவ்வளவோடு நின்றிருந்தால் நான் இதைச் சொல்லவே வேண்டியிருக்காது.

பஸ்ஸில் யாரோ ஒருத்தி, தாலோ கிழங்கிலும் சர்க்கரை உண்டு என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து லோசா ஃபெரெத்தியின் தட்டில் கிழங்கை வெட்டி வெட்டிக் குறைத்தாள். முழுக் கிழங்கு பாதியானது, பாதி கால்வாசியானது. கடைசியில் தீப்பெட்டி அளவு ஒரு துண்டும், மலைபோல் இலையும், ஒரு மீனும். பிள்ளைகளுக்கு வேண்டிய மட்டும் வைப்பாள், அவனுக்கு மட்டும் அளவு. மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் எண்ணிக் கொடுத்தாள். தினமும் காலையில் அவன் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நர்ஸ் சொன்ன ஒரு மாசம் கடந்தது. "போய்க் காட்டலையா?" என்று கேட்டேன்.

"போனா சர்க்கரை எவ்வளவுன்னு நம்பர் சொல்லுவாங்க" என்றாள். "அண்ணனுக்கும் நம்பர்தான் முதல்ல சொன்னாங்க. எனக்குக் கேக்கப் பயமா இருக்கு."

மெரிபா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். எங்களில் தம்பி வீட்டில் அக்காவின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவள் தம்பியின் தட்டைப் பார்த்தாள், பிறகு அவன் தோள் எலும்பைப் பார்த்தாள்.

"எங்கம்மா இவனை ஆளாத்தான் பெத்தா. நீ ஆடா வளக்குற. வெறும் தழையைப் போட்டுக்கிட்டு."

"டாக்டர் சொன்னதுதான் அக்கா."

"டாக்டரு தட்டுல வந்து எட்டிப் பாத்தாரா? ஃபெரெத்தி, நீயே சொல்லு, வயிறு நிறையுதா?"

ஃபெரெத்தி லோசாவைப் பார்த்துவிட்டு, "நிறையுதுக்கா" என்றான். நிறையவில்லை. கொஞ்ச நாளாகப் படகுத் துறையில் அவன் கை நடுங்குகிறது, கயிறு நழுவுகிறது என்று என் கணவர் சொல்லியிருந்தார். அதை லோசாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குற்றம் எனக்கும் உண்டு.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. அன்று காலைப் படகுக்குக் கயிறு போட ஆள் குறைவு என்று ஃபெரெத்தி விடியுமுன்னே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் போய்விட்டான். பத்து மணிக்குச் சந்தைக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொண்டான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அன்று அப்படி ஒன்றும் வெயில் இல்லை.

லெவியின் கடையில் லோசா கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஃபெரெத்தி திடீரென்று அவள் கையிலிருந்த கூடையைத் தட்டிவிட்டான். பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். அவன் குரல் உயர்த்திப் பேசியே யாரும் கேட்டதில்லை.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றாள் லோசா.

அவன் அவளை உற்றுப் பார்த்தான். நாக்கு குழறியது. "அம்மா, வீட்டுக்குப் போலாம். இருட்டிருச்சு."

அவன் தாய் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. லோசாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடி அவன் முழங்கால் மடங்கி, இலைக் கட்டுகளின்மேல் சாய்ந்து விழுந்தான்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. இறந்த தாயைக் கூப்பிட்டான் என்று கேட்டதும், ஆவி பிடித்திருக்கிறது என்று ஒருத்தி பச்சிலை தேடி ஓடினாள். மாரடைப்பு என்றான் ஒருவன். லோசா மட்டும் அவன் காலடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டு பாதங்களையும் மடியில் வைத்து, விரலிடுக்கெல்லாம் பிரித்துத் தேடினாள்.

"எங்கயோ ஒரு புண்ணு இருக்கு. நான் பாக்காம விட்டுட்டேன். விஷம் ஏறிருச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதை அவள் நம்பவில்லை.

லெவி கிழங்கை அப்படியே போட்டுவிட்டுத் தன் வண்டியை எடுத்தான். பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவே ஃபெரெத்தியைக் கிடத்தினோம். சந்தையில் இருந்த மெரிபாவும் செய்தி கேட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டாள். வழி முழுக்க அவள் கத்தவில்லை. தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஒரே ஒரு முறை சொன்னாள்: "இவன் செத்தா நீ பட்டினி போட்டுத்தான் செத்தான். ஊருக்கே சொல்லுவேன்."

லோசா ஃபெரெத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கை சில்லென்று ஈரமாக இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவன் மூச்சு நின்றுவிட்டதோ என்று அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பெனினா ஜெபம் சொல்ல ஆரம்பித்து, நடுவில் வார்த்தை மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தெலேசியா அவன் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். லோசா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, நம்பரைச் சொல்லிவிடாதே என்பதுபோல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டாள். கையில் ஊசி ஏற்றினார்கள். சில நிமிஷங்கள்தான். ஃபெரெத்தி கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தான், பிறகு, "கூடை எங்க?" என்றான்.

லோசா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஏத்துனீங்க?" என்று கேட்டாள்.

"சர்க்கரை" என்றாள் நர்ஸ்.

"என்னது?"

"சர்க்கரைத் தண்ணிதான் லோசா. இவருக்குச் சர்க்கரை ஏறல, இறங்கிப்போச்சு. சாப்பாடு மாறிருச்சு, ஆள் இளைச்சுட்டாரு, மாத்திரை மட்டும் பழைய அளவு. அதுவும் வெறும் வயித்துல. அதுக்குத்தானே ஒரு மாசத்துல வரச் சொன்னேன்."

பிறகு ஒரு கோப்பையில் இனிப்புத் தண்ணீர் கலந்து லோசாவிடம் கொடுத்து, அவனைக் குடிக்க வைக்கச் சொன்னாள். லோசா கோப்பையை வாங்கினாள், ஆனால் அவன் வாயருகே கொண்டுபோகக் கை வரவில்லை. இத்தனை மாதம் எதை வீட்டுக்குள் விடாமல் காவல் காத்தாளோ, அதையே புகட்டச் சொல்கிறார்கள். "நிச்சயமா சர்க்கரைதானா? கொடுக்கலாமா?" என்று இரண்டு முறை கேட்டாள். மெரிபாதான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கோப்பையைத் தம்பியின் உதட்டில் சேர்த்தாள்.

அந்த மாத்திரை உடம்பில் தங்கி மறுபடி சர்க்கரையை இறக்கும் என்று இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். மாத்திரையைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். "நீ செஞ்சது தப்பில்ல, பாதி செஞ்சதுதான் தப்பு. கிழங்கு சாப்பிடட்டும், உள்ளங்கை அளவுக்கு. ஆனா என்கிட்ட வராம எதையும் மாத்தாத" என்றாள் நர்ஸ்.

அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமையும் லோசா சந்தை வாசலைத் தாண்டவில்லை. பஸ் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டாள். பெனினாவும் நானும் உள்ளே போய் வாங்கிவந்தோம். மூன்றாவது வாரம் ஃபெரெத்தி அவள் கையைப் பிடித்து லெவியின் கடைவரை கூட்டிப் போனான். லெவி எதுவும் கேலி பேசவில்லை.

வீட்டில் அவன் சாப்பிடும்போது அவள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்தாள்.

"அப்படிப் பாக்காத லோசா, தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்றான் அவன்.

முன்பு அவளுக்கு ஒரு பயம்தான், இப்போது இரண்டு. ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம். ஆனால் மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், காதைப் பொத்தாமல் நம்பரைக் கேட்கிறாள். போகும் நாளில் காலையில் அவளுக்கு வாந்தி வரும். வாயைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

மெரிபா அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தன் பிள்ளைகளை ஏவி மலையடிவார நிலத்தில் காட்டை வெட்டித் தாலோ நட்டாள். எட்டு மாதம் கழித்து முதல் அறுவடையை ஒரு கூடையில் கொண்டுவந்து வாசலில் இறக்கினாள். லோசா வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் இது எந்த மண் என்று கேட்கப் போய், நிறுத்திக்கொண்டாள்.

"உள்ள வாங்கக்கா. சாப்பிட்டுத்தான் போகணும்."

மெரிபா உள்ளே வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். லோசா அடுப்பில் வெந்துகொண்டிருந்த கிழங்கை இறக்கப் போனாள்.