மூன்று விரல் நுழையாத வாய்

முதலில் ரசம் எரிந்தது. நானே வைத்த ரசம்தான். மிளகைக் குறைத்தேன், அப்போதும் எரிந்தது. மிளகாயைக் குறைத்தேன். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக் குழம்பு பத்தியச் சாப்பாடாகிவிட்டது. என் வீட்டுக்காரர் பழனி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உப்பு ஒரு கல் கூடினாலும் தட்டைத் தள்ளிவைக்கிற மனிதர் அவர்.

வாய்ப்புண் என்றால் நமக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று, உடம்புச் சூடு. வயிறு புண்ணானால் வாய் புண்ணாகும், மணத்தக்காளிக் கீரை தின்றால் ஆறிவிடும். மைசூர் மார்க்கெட்டில் அதைக் கணிகே சொப்பு என்று கேட்டு வாங்க வேண்டும். மாதக்கணக்கில் தின்றேன். ஊதுபத்தி உருட்டும் கொட்டகையில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மோர் குடி, இளநீர் குடி என்றார்கள். சொன்னவர்கள் வாயிலெல்லாம் புகையிலை இருந்தது, என் வாயிலும்தான். மாவு நெடிக்கும் மதியப் பசிக்கும் அது தேவை என்று நினைத்திருந்தோம். அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு மத்தியானம் எங்கள் பகுதி ஆஷா ஊழியர் மஞ்சுளா (வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்) கையில் போனோடு கொட்டகைக்கு வந்தாள். புகையிலை போடுகிறவர்களின் வாயைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்ப வேண்டுமாம். கல்யாண வீட்டுப் போட்டோ மாதிரி எல்லோரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டோம்.

"பாயி தெகீரி அக்கா" என்று கன்னடத்தில் வாயைத் திறக்கச் சொன்னாள். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னாள். எனக்கு இரண்டுக்குமேல் நுழையவில்லை. ஊர் வம்பெல்லாம் பேசுகிற வாய் இதற்குத் திறக்க மாட்டேன் என்கிறதே என்று ஒருத்தி கேலி செய்தாள். நானும் சிரித்தேன். புகையிலையும் பாக்கும் மென்று மென்று கன்னத்துச் சதை நாராக இறுகிப் போவது அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மஞ்சுளா நாக்கு, நாக்கின் அடி, இரண்டு கன்னங்களின் உட்புறம் என்று போன் வெளிச்சத்தில் படம் எடுத்தாள். இடது கன்னத்தின் படத்தை என்னிடம் காட்டினாள். வெள்ளைத் திட்டு, அதன் நடுவே சிவப்பாக ஒரு குழி. "யாரு வாய் இது?" என்று கேட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போட்டோவைப் பார்த்து நோய் இன்னதென்று முடிவு செய்துவிட முடியாது. யார் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்பதைத்தான் அது சொல்லும். என்னைப் போகச் சொன்னது. பயாப்ஸி (சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம் என்றார் டாக்டர். அந்த "ஆரம்பம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நானும் பழனியும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம்.

கன்னத்தின் உட்புறத்தை வெட்டி எடுத்து, தொடைச் சதையை வைத்துத் தைத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய். பிறகு ரேடியேஷன் (கதிர்வீச்சுச் சிகிச்சை). எச்சில் வற்றியது, ருசி போனது. பழனி பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு ராகிக் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, குழாயில் ஊற்றுவார். மிச்சத்தை அவரே குடிப்பார். சோறு தின்னச் சொல்லிச் சாடை காட்டினால், "உனக்கில்லாத சோறு எனக்கெதுக்கு சரசு" என்பார். வார்டுப் பெண்கள் இப்படியொரு புருஷன் கிடைக்குமா என்று வாயாரப் பேசினார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

ஆயுத பூஜை அன்று மஞ்சுளா என் தையலைப் படம் எடுக்க வீட்டுக்கு வந்தாள். அவள் எப்போதும் வருவது மத்தியானம். அந்நேரம் ஆண்கள் வேலையில் இருப்பார்கள், போன் எங்கள் வாய்களை மட்டுமே பார்த்துவிட்டுப் போகும். பழனி வேலை பார்த்தது லாரி பாடி கட்டும் பட்டறை. அன்று பூஜை முடிந்து சீக்கிரமே வீட்டுக்கு வந்திருந்தார். சட்டைப் பையில் புகையிலைப் பொட்டலம் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. இவரையும் எடு என்றேன். வலியில்லை, வேண்டாம் என்று எழுந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அறுத்துத் தெச்ச வாயை நானே தொறந்து காட்டறேன். உங்களுக்கு என்ன வெக்கம்?"

உட்கார்ந்தார். அவர் வாயில் ஒரு விரல்தான் நுழைந்தது. மஞ்சுளா படம் எடுத்தாள். அன்று எனக்குக் காட்டியதுபோல அவரிடம் காட்டவில்லை.

அவள் போனபின் கேட்டேன். என் குழறலை அவர் ஒருவர்தான் அப்போது முழுதாகப் புரிந்துகொள்வார்.

"கஞ்சி குடிச்சதெல்லாம் எனக்காகவா, மெல்ல முடியாமயா?"

சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கீழே வைத்தார்.

"ரெண்டுந்தான் சரசு. உன்னுது முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

பட்டறையில் ஒரு லாரியை முடித்து அனுப்பிவிட்டு அடுத்ததை உள்ளே விடுகிற மாதிரி, நோய்க்கும் வரிசை வைத்திருந்தார் அந்த மனிதர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லை என்பதால் அது வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

அவருக்கு நாக்கின் அடியில் தொடங்கிக் கழுத்து நெறிக்கட்டிகள் வரை பரவியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் கஞ்சி காய்ச்சினேன். வடிகட்டினேன். உகாதி வருவதற்கு முன்பே போய்விட்டார்.

என் கன்னத்துக்குள் இப்போது என் தொடை இருக்கிறது. நாக்கால் தொட்டால் யாரோ ஒருத்தியின் உடம்பைத் தொடுவதுபோல இருக்கும். அந்தப் பக்கம் சூடு தெரியாது, அதனால் காப்பியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. கடைக்காரர்கள் இரண்டாம் முறை கேட்பார்கள், மூன்றாம் முறை கேட்பதில்லை.

உங்கள் வீட்டு ஆண்கள் வலியில்லை என்பார்கள். நம்பாதீர்கள். விடுமுறை நாளில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள், சண்டை போட்டாவது.

ஆஸ்பத்திரியில் நான் கற்றுக்கொண்டது மறுதேதியின் அர்த்தத்தைத்தான். டாக்டர் அடுத்து எப்போது வர வேண்டும் என்று சொல்கிறவரை ஆள் இருப்பார் என்று பொருள். பழனிக்குக் கடைசியில் தேதி சொல்லவில்லை. வேண்டுமானால் வாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு முதலில் வாரம், அப்புறம் மாதம் என்று இடைவெளி கூடிக்கொண்டே வந்தது.

போன தடவை டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லா இருக்கும்மா. இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்."

தலையாட்டிவிட்டு வெளியே வந்து நடைவழியில் உட்கார்ந்தேன். ஆறு மாதம். அவ்வளவு நாளை வைத்துக்கொண்டு நான் ஒருத்தி என்ன செய்வேன்?