நீலச் சுடர் அடங்காத கரி

உங்கள் வீட்டுக் கதகதப்பை மூட்டுகிறவள் அதில் எத்தனை நாள் கால் நீட்டியிருக்கிறாள், சொல்வீர்களா?

எங்கள் மலையூர் போய்சுனில் அக்டோபர் மழை பிடித்துவிட்டால் எல்லா வீடும் சந்தலியைச் சுற்றிக்கொள்ளும். தரைக்குழியில் தணல், மேலே குட்டை மேசை, அதன்மேல் பெரிய மெத்தைப் போர்வை. இடுப்புவரை உள்ளே நுழைத்துக்கொண்டால் உலகத்தில் குறையே கிடையாது.

மஸ்தூரா பத்தொன்பது வயதில் ருக்கியா வீட்டுக்கு மருமகளாக வந்தாள். போர்வைக்குப் பஞ்சு அடைத்துத் தைத்தவள் அவளே. ஏழு வருஷமாக அவள் இடம் கதவோரம். பாதி நேரம் அதுவும் இல்லை, முற்றம்தான். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். அவளுடைய அப்பா சந்தையில் இறைச்சி சுட்டு விற்றவர். கரியின் குணம் அவளுக்கு அத்துப்படி.

ஓர் அக்டோபர் மழை நாளில் நாத்தனாரைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். ஈரக் காலோடு வந்தவர்களைக் குளிர்ந்த சந்தலியில் உட்கார வைப்பதா? மஸ்தூரா கரி மூட்டிக்கொண்டிருந்த முற்றத்துக்கு மாமியார் ருக்கியா ஓடி வந்தாள்.

"என்னடி, கரிக்குத் தாலாட்டு பாடுறியா? உள்ள கொண்டா!"

"அத்தை, நீலச் சுடர் இன்னும் அடங்கல. இப்ப வச்சா நச்சுக் காத்து வரும். கொஞ்சம் பொறுங்க."

"கறிக்கடைக்காரன் மக எனக்குப் பாடம் எடுக்கிறா! மானம் போகுதுடி. எடு!"

எடுத்தாள். மறுத்திருந்தால் மறுநாள் பிறந்தகத்துக்குத் துரத்தப்பட்டிருப்பாள், மகளை விட்டுவிட்டு. அந்த மகள், நான்கு வயது நிகோரா, சளியோடு போர்வையோரம் உட்கார்ந்திருந்தாள்.

"மூக்கொழுகுறத சம்பந்திங்க பாக்க வேணாம். உள்ள தள்ளிவிடு" என்றாள் ருக்கியா. நாத்தனார் குழந்தையைத் தலையோடு போர்வைக்குள் தள்ளினாள். முற்றத்தில் மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு புலாவ் கிளறிக்கொண்டிருந்த தாய்க்கு அது தெரியாது.

இரண்டு மணி நேரம் சிரிப்பும் தேநீருமாகப் போயிற்று.

"சம்பந்தியம்மா, உங்க டீ தலைக்கு ஏறுதே!" என்று மாப்பிள்ளையின் அத்தை நெற்றியைப் பிடித்தாள்.

"எங்க பொண்ணோட அழகு ஏறுதும்மா" என்றாள் ருக்கியா. எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் போனபின் ருக்கியா போர்வையைத் தூக்கினாள். "அடி மஸ்தூரா, வந்து பாரு. உன் மக கன்னத்த! ஆப்பிள் மாதிரி சிவந்து தூங்குது."

தாய் வந்து தொட்டாள். அது தூக்கமில்லை.

பெரியவர்கள் கூடி, "ஆயுசு அவ்வளவுதான், ஆண்டவன் எழுதினது" என்றார்கள். ஆண்டவன் எழுதவில்லை, அவசரமும் அந்தஸ்தும் எழுதின. ருக்கியாவோ அதைவிடத் துணிந்தாள். "கரியக் கொண்டு வந்தது யார் கை? என் கையா?" ஊர் தலையாட்டியது. தொலைபேசியில் புருஷனும் அதையே கேட்டான்.

கல்யாணம் நவம்பரில் நடந்தது. விருந்தாளிகளுக்குத் தணல் போட்டவள் மஸ்தூரா. அவள் குழந்தை கிடந்த அதே குழியில்.

இன்று மாலை போர்வைக்குள் கால் நுழைக்குமுன் எழுந்து முற்றத்துக்குப் போங்கள். கரி பழுத்துவிட்டதா என்று அங்கே நிற்பவளைக் கேளுங்கள். அவள் 'இன்னும் இல்லை' என்றால், யார் வந்திருந்தாலும் சரி, குளிரிலேயே உட்காருங்கள்.