வீடு திரும்பத் தெரியாத விமானி

தேவராஜன் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, பொங்கல் விடுமுறையில் செஞ்சி கடைத்தெருவில் எங்கள் பாத்திரக் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவரும் பொங்கலுக்குத்தான் பக்கத்திலிருக்கும் சொந்த ஊர் அனந்தபுரத்துக்கு வந்திருந்தார். அவர் மகன் போனில் அழைத்தான். "நைனா தூக்கத்துலயே போய்ட்டாருக்கா." ஆட்டோவில் போகும்போது எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஏன் என்று அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். இந்த அஞ்சலியைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

போர் விமானிகளுக்கு சிமுலேட்டரில் பயிற்சி தரும் மையத்தில், எதிரியாகப் பறக்கும் கணினி விமானியின் நிரலை எழுதியவள் நான். அதைச் சோதிக்க வந்தவர், போர் விமானியாக இருந்து ஓய்வுபெற்ற அவர். ஊர்க்காரர் என்று சந்தோஷப்பட்டேன். முதல் நாளே வம்புக்கு வந்தார்.

"இன்னாம்மா, உன் பையன் நேரா மூஞ்சிக்கே வர்றான்? வூட்டுக்குப் போற நெனப்பே இல்லியா?"

"ஜெயிக்குது இல்ல சார், அப்புறம் இன்னா?"

"செத்தா நீ மறுபடி ஆன் பண்ணிடுவ. இந்தப் பசங்கள ஆன் பண்ண முடியுமா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஒருநாள், அப்போதைய பயிற்சி அணியிலேயே கெட்டிக்காரனான ஒரு மதுரைப் பையன், மோதிவிடுவதுபோல நேருக்கு நேர் பறந்து கணினியை வீழ்த்தினான். நாங்கள் கைதட்டினோம். சார் முகம் வெளிறிவிட்டது.

"எங்கடா கத்துகினே?"

"அதப் பாத்துத்தான் சார்."

அதன்பிறகு மாற்றினேன். எரிபொருள் குறைந்தால் கணினி விமானி திரும்பும். ஆபத்து மிஞ்சினால் விலகும். மாணவர்களும் விலகக் கற்றார்கள். மேலிடத்துக்குத்தான் பிடிக்கவில்லை, எதிரி கோழையாகிவிட்டானாம். கூட்டத்துக்குக் கூட்டம் கத்தி, சார்தான் அதைக் காப்பாற்றிவந்தார்.

அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அலுவலகத்திலிருந்து போன். இரங்கல் சொன்ன கையோடு, பழைய கணினி விமானியையே திரும்பக் கொண்டுவருவது பற்றித் திங்கட்கிழமை முடிவெடுக்கலாம் என்றார்கள். அடுத்த அணியில் சேரப்போகிறவர்களில் என் தம்பி மகளும் ஒருத்தி.

உள்ளே அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மீட்டிங்னா மொத நாளே சோறு எறங்காதும்மா அவருக்கு. அந்தப் பசங்களுக்கு எதனா ஆயிடுமோன்னு அவ்ளோ பயம்."

இத்தனை நாள் அதைக் கோபம் என்றே நினைத்திருந்தேன். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தப் பயம்தான். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த அறையில் இனி வேறு யாரிடமும் அது இல்லை.