கொடியில் இடம் மாறிய அட்டை

1. பதிலில்லாத மாலை

என் மகள் வித்யா டியூஷனிலிருந்து நேரத்துக்கு வீடு திரும்பாத மாலைக்கு மறுநாளும் நான் வேலைக்குப் போனேன். அன்று இரவு எட்டு மணிக்குத் தானாகத்தான் வந்து சேர்ந்தாள். "யார்கூடப் போனே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். போய்ப் படுத்துக்கொண்டாள். காலையில் காபிக்கும் வாய் திறக்கவில்லை.

அப்போது நான் பதின்மூன்று வார டிவி தொடர் ஒன்றில் கதை இலாகாவில் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தி.நகரில் ஒரு மாடி போர்ஷன்தான் எங்கள் கதை அறை. சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடவில்லை. அதனால் குறுக்கே துணிக்கொடி கட்டி, பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் சீனுக்கு ஓர் அட்டையாக எழுதி, கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். கொடி நிறைந்ததும் வேன் டிரைவர் ஆறுமுகத்துக்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அவர் எந்த இடத்தில் கேள்வி கேட்கிறாரோ அந்த அட்டை கொடியிலிருந்து இறங்கும். டைரக்டர் ரங்கனின் வழக்கம் அது.

2. ஆறுமுகம் கேட்டது

எங்கள் கதையிலும் நான்காவது வாரத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் வீட்டை விட்டுப் போகிறாள். 'காதல் கண்ணை மறைக்கும்' என்று கருவை முதல் நாளே முடிவு செய்திருந்தோம். அதற்காக ஒரு பையனையும் கொண்டுவந்து தொங்கவிட்டிருந்தோம்.

ஆறுமுகம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பையன் கீறான், சரி. அன்னிக்கின்னு இன்னாத்துக்கும்மா அந்தப் பொண்ணு போச்சு?"

"வயசுக் கோளாறுய்யா" என்றார் ரங்கன்.

"நேத்தும் அதே வயசுதான சார்?"

ரங்கன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரங்கன் எழுந்து கொடியருகே போனார். பெண் காணாமல் போன பிறகு வரும் ஓர் அட்டையைத் தொட்டார். 'அம்மா டீச்சரிடம் போய், மகள் எதையோ மறைக்கிறாள் என்கிறாள்.'

"மேடம், இது அவ போறதுக்கு முன்னாடி வந்தா?"

கிளிப்பைக் கழற்றி இரண்டு அட்டை முன்னால் மாட்டினார். அவ்வளவுதான் செய்தார். தேடுகிற அம்மா, துரத்திய அம்மாவாகிவிட்டாள். அந்த அட்டையை எழுதியது நான். அதை எங்கிருந்து எடுத்தேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும். அதற்கு முந்தின வாரம் நானே வித்யாவின் டியூஷன் சாரிடம் போய் அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தேன்.

3. மந்தைவெளி, எங்கள் வீடு

அன்று மாலை கேள்வியை மாற்றினேன். "வித்யா, நேத்து டியூஷன்ல என்ன நடந்துது?"

நிமிர்ந்து பார்த்தாள். "நான் எதையோ மறைக்கறேன்னு சார்கிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

"எல்லார் முன்னாடியும் பையைக் கொட்டச் சொன்னார். மாட்டேன்னு எழுந்து வந்துட்டேன்."

"அப்புறம்?"

"பஸ் ஏறினேன். பெசன்ட் நகர் போய், அதே பஸ்ல திரும்பி, மறுபடியும் போனேன். 'இன்னாம்மா, பஸ்ஸையே வாடகைக்கு எடுத்துக்கினியா?'ன்னு கண்டக்டர் கேட்டார்."

சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். நான் அழுதேன். பையில் என்னதான் இருந்தது? அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

கதை கட்ட வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். கருவை முதல் நாளே முடிவு செய்யாதீர்கள். செய்தால், அதற்கு ஒத்துவருகிற பையன் ஒருவன் எப்படியும் கிடைத்துவிடுவான். ஒருத்தி கிளம்பிப் போனால் 'அன்றைக்கு ஏன்' என்று கேளுங்கள். 'யாரோடு' என்பது அப்புறம்.

அந்தப் பையன் அட்டையைக் கழற்றிவிட்டோம். புதுக் கதையில் பெண் தன் பையை அணைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே என்ன இருந்தது என்று பதின்மூன்று வாரமும் நாங்கள் சொல்லவில்லை. ஆறுமுகமும் கேட்கவில்லை.